ஆடியில் யாரும் கருவுறுவதில்லை

சேலத்துக்கு மேலே மலையில், கிளியூருக்குப் பக்கத்தில், ஒரு காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தை மாதத்தில் ஒரு தாயிடம் நான் "இல்லை" என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆவணி வரை ஆயிற்று.

அவள் கேட்டது இதுதான்: "ஏனுங்க, நான் மருந்துத் தண்ணி தூக்குனதுனாலதான் புள்ளைக்கு ஒதடு இப்படிப் பொளந்து பொறந்துச்சுங்களா?"

அவளுக்கு இருபத்திரண்டு வயது. என்னைவிட ஐந்து வயது சின்னவள். மடியில் ஒன்பது மாதப் பெண் குழந்தை. மேல் உதட்டில் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. உதட்டைச் சேர்த்துத் தைத்தாகிவிட்டது. உள்ளே அண்ணத்தில் இருக்கும் பிளவுக்கு இன்னோர் ஆபரேஷன் பாக்கி. அதுவரை பாலைச் சின்ன ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும். நாலு ஸ்பூனுக்கு ஒரு முறை பால் மூக்கு வழியாக வரும். அவள் பேச்சை நிறுத்தாமலே முந்தானையால் அதைத் துடைத்தாள். அந்தத் துடைப்பில் ஒன்பது மாதப் பழக்கம் இருந்தது.

எங்கள் வேலையில் பதில் சொல்லக் கூடாது. பயிற்சியின் முதல் நாளே அதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். கர்ப்ப காலத்தில் தாய்க்கு நேர்ந்த எதெது குழந்தையின் பிறவிக் குறைபாட்டோடு சேர்ந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் ஆய்வு அது. குறைபாட்டோடு பிறந்த குழந்தையின் தாயிடமும், அப்படி எதுவும் இல்லாமல் பிறந்த குழந்தையின் தாயிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். காய்ச்சல் வந்ததா, என்ன மாத்திரை போட்டீர்கள், அடுப்புப் புகை எவ்வளவு, வீட்டில் யார் பீடி குடிக்கிறார்கள், தோட்டத்தில் என்ன தெளித்தார்கள், எந்த மாதத்தில். பதினாறு பக்கம். கேட்டு எழுதுவது மட்டும்தான் நம் வேலை. எது காரணம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும்போது, அதுவும் பலரையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், ஏதாவது தெரியலாம். ஒருத்தியைப் பார்த்து உனக்கு இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பதில் சொன்னேன்.

ஏனென்றால் அவளுடைய தாய்சேய் அட்டை என் கையில் இருந்தது. கடைசியாகக் குளித்த தேதி, அதாவது கடைசி மாதவிலக்கு, ஆவணி இருபது என்று அதில் எழுதியிருந்தது. காப்பிச் செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பதும், அதைக் கலக்கப் பெண்கள் குடத்தில் தண்ணீர் சுமப்பதும் ஆவணி பிறந்ததும் தொடங்கி, பிள்ளையார் சதுர்த்திக்கு முன்பே முடிந்துவிட்டதாக அவளே சொல்லியிருந்தாள். கையில் இருந்த காலண்டரில் நான் இரண்டையும் குறித்துப் பார்த்தேன். மருந்தடித்து முடிந்த பிறகுதான் கரு. அப்புறம் எப்படி அது காரணமாகும்?

"இல்ல" என்றேன். "நீங்க மருந்துத் தண்ணி தூக்கும்போது இந்தக் குழந்தை வயித்துலயே இல்ல. அதனால ஆகல. நிம்மதியா இருங்க."

வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்த அவள் மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "கேட்டுக்கிட்டியா புள்ள? படிச்ச பொண்ணே சொல்லிருச்சு. நான் சொன்னா மட்டும் கேக்க மாட்ட. கெரகணத்தன்னிக்கி வெளிய போகாதன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார்.

அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். நன்றி என்றுகூட நினைத்தேன். பஸ்ஸுக்கு நடந்து வரும் வழியெல்லாம் எனக்குள் ஒரு மிதப்பு.

அந்த மிதப்புக்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் என் தப்பு விளங்காது.

என் அப்பா இதே மலையில் நிழல் மரங்களில் கிளை கழித்துக் கவாத்து செய்தவர். அம்மா காப்பிப் பழம் பறித்தவர். வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். மாதா கோயில் பள்ளியில் படித்து, சேலத்துக்கு இறங்கிப் போய்க் கல்லூரி முடித்து, அதற்கு மேலும் படித்து, பொது சுகாதாரத்தில் பட்டம் வாங்கியவள். இந்த ஆய்வுக் குழுவில் மலையில் பிறந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் சமவெளியிலிருந்து வந்தவர்கள். அடிவாரம் தாண்டி நாலு வளைவு ஏறினால் அவர்களுக்கு வாந்தி வரும். கூட்டத்தில் எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் "எங்க ஊர்ல அப்படியில்லீங்க சார்" என்று நான் தொடங்குவேன். அவர்களும் பேனாவை எடுப்பார்கள்.

அந்தக் காலண்டரும் நான் செய்ததுதான். கேள்வித்தாளில் எல்லாம் ஜூலை, ஆகஸ்ட் என்று இருந்தது. லைன் வீட்டில் போய் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். அதனால் தமிழ் மாதம் போட்டு, பக்கத்தில் ஆடிப் பதினெட்டு, பிள்ளையார் சதுர்த்தி, தீபாவளி, பழம் பறிப்பு, மே மாத மலர்க் கண்காட்சி என்று படம் வரைந்து ஒரு நீள அட்டை தயாரித்தேன். பேராசிரியர் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். குழுவில் எல்லாரும் அதன் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டார்கள். அதை உருட்டிப் பையில் செருகிக்கொண்டு நான் இறங்கி நடந்தால், ஏதோ எனக்கே ஒரு கொடி கொடுத்துவிட்டது போல இருக்கும்.

வேலை என்னவோ அந்தக் கொடிக்கு ஏற்றபடி இல்லை.

மருந்தின் பெயர் யாருக்கும் தெரியாது. "டப்பால மஞ்ச முக்கோணம் போட்டிருந்துச்சுங்க" என்பார்கள். விஷத்தின் அளவைக் காட்டும் அந்த மஞ்சள் முக்கோணம் போட்ட டப்பா எத்தனையோ. காலி டப்பாவைக் காட்டுங்கள் என்றால், அதைக் கழுவிப் பின்பக்கம் செடி வைத்திருப்பார்கள். லேபிள் இருக்காது. மாத்திரை கேட்டால், "வெள்ள மாத்திர, பாதியா ஒடச்சுப் போட்டேன்" என்று வரும். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் போனால், மருந்து வாங்கிய பில்லைத் தேடித் தருவதாக மூன்று தடவை சொல்லிவிட்டு நாலாவது தடவை அவர் லீவில் இருப்பார்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. குறையோடு குழந்தை பெற்றவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எந்த நாளில் தும்மினாள், எந்தப் படியில் கால் இடறியது, யார் வீட்டு விசேஷத்தில் என்ன தின்றாள் என்று, அந்த ஒன்பது மாதத்தையும் ஆயிரம் தடவை திருப்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நல்லபடியாகப் பெற்றவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. "ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் இருந்தேன்" என்பாள். பக்கத்தில் அவள் புருஷன், "எதுடி சும்மா? டைஃபாய்டு வந்து படுத்தியே" என்பான். "அட ஆமால்ல" என்று சிரிப்பாள். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடத்தான் எங்களுக்குச் சம்பளம். ஒருத்தி மனப்பாடம் ஒப்பிக்கிறாள், ஒருத்தி பாடத்தையே திறக்கவில்லை. ராத்தங்கலுக்கு ஊருக்கு வந்தால் அம்மாவிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். "அதுக்கு ஏன் சாமி எம்மேல பாயற? உன்ன வயித்துல வெச்சிருந்தப்ப என்ன தின்னேன்னு எனக்கே தெரியல" என்றார் அம்மா.

ஆனி மாதக் கடைசியில், சேலம் ஆபீசில் உட்கார்ந்து, சேர்ந்த படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எந்த மாதத்தில் எத்தனை கரு தொடங்கியது என்று ஒரு சின்னப் படம் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. போட்டேன். வரிசையாகத் தூண்கள் நின்றன. ஆனியில் ஒரு தூண். ஆவணியில் மற்ற எல்லாவற்றையும்விட உயரமான தூண். நடுவில் ஆடி இருந்த இடம், பல் விழுந்த ஈறு மாதிரி வெறுமையாக இருந்தது. ஒருத்திகூட இல்லை.

முதலில் என் விரல் தப்பு என்று நினைத்தேன். படிவங்களைப் புரட்டினேன். இல்லை, சரியாகத்தான் ஏற்றியிருக்கிறேன். மலையில் ஒரு மாதம் முழுக்க யாரும் கருவுறவில்லை. அடுத்த மாதம் எல்லாரும் கருவுற்றிருக்கிறார்கள்.

சித்திரையில் பிறந்த குழந்தைகளைத் தனியாக எடுத்தேன். அட்டையில் உள்ள தேதிப்படி அத்தனையும் குறைமாதம். எட்டாம் மாதத்திலேயே பிறந்தவை. எடையைப் பார்த்தேன். கிளியூர்க் குழந்தை இரண்டு கிலோ தொள்ளாயிரம். எட்டாம் மாதத்தில் இரண்டு கிலோ தொள்ளாயிரமா? மற்றவையும் அப்படித்தான், கொழுகொழுவென்று. சாதாரணமாக ஸ்கேன் காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் இவர்கள் முதல் மூன்று மாதம் யாரிடமும் வாய் திறக்கமாட்டார்கள். ஸ்கேனுக்கும் நேரம் கழித்துத்தான் போவார்கள். கிளியூர்க்காரியின் ஸ்கேன் சீட்டு கூரை ஒழுகி நனைந்து, கையில் எடுத்தாலே பிய்ந்து வந்தது.

செம்மநத்தம் பக்கம் போகும் கிராம சுகாதார நர்ஸ் எனக்குப் பழக்கம். இந்த அட்டைகளில் பாதி அவர் கையெழுத்து. போனில் பிடித்துக் கேட்டேன்.

"ஏனுங்க சிஸ்டர், உங்க ரிஜிஸ்டர்ல ஆடில மாசமானவங்க யாருமே இல்லையே?"

அவர் சிரித்த சிரிப்பில் நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். "ஆடில யாருங்க மாசமாவா? நான் வேலைக்கு வந்த நாள்லருந்து ஒருத்தி ஆகல! புதுப் பொண்ண அம்மா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்கல்ல. அந்த மாசத்துல புருஷங்கூட இருந்தேன்னு எந்தப் புள்ள வாயத் தொறந்து சொல்லும்? பொறந்தாலும் சித்திரைல பொறக்கும், ஊட்டுக்கு ஆகாதும்பாங்க. அதனால ஆவணின்னு சொல்லுவாங்க. நானும் ஆவணின்னு எழுதிக்குவேன்."

"பொய்னு தெரிஞ்சேவா?"

"நான் என்னங்க, கூடவா போய்ப் படுத்துப் பாத்தேன்? அவங்க சொல்றததான எழுதணும். இத்தன படிச்சிட்டு, இந்த மலையிலேயே பொறந்துட்டு, இது உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியும். தெரிந்ததுதான் எரிச்சல். எங்கள் வீட்டில் ஆடி என்று தனியாக எதுவும் கிடையாது, மாதா கோயிலுக்குப் போகும் வேதக்கார வீடு. ஆனால் பக்கத்து லைனில் ஆடி பிறந்தால் புதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக அவள் அம்மாவும் தம்பியும் தட்டோடு வந்து நிற்பதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். என் காலண்டரில் ஆடிப் பதினெட்டுக்கு நானேதான் முளைப்பாரி வரைந்து பச்சை அடித்தேன். மாதத்துக்குப் படம் வரைந்தவளுக்கு அந்த மாதம் என்ன செய்யும் என்று தோன்றவில்லை. சமவெளிக்காரர்கள் யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் நான் கூட்டத்தில் வைத்துக் கிழித்திருப்பேன்.

பேராசிரியரிடம் போனேன். படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாக் கண்டுபிடிச்சீங்கம்மா" என்றார். "ஆனா அட்டையில இருக்கற தேதிய நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது."

"இஷ்டத்துக்கு இல்ல சார். கிளியூர்ல போய் ஒரு தடவ கேட்டுட்டு வந்தாப் போதும்."

"குறையுள்ள குழந்தையோட அம்மாகிட்ட மட்டும் போய் மறுபடி துருவினா, கேட்கிற விதமே ஒரு பக்கமாச் சாஞ்சிடும். கேட்டா எல்லார்கிட்டயும் கேட்கணும். ரெண்டு பக்கத்துலயும். ஆடி ஆவணிக்காரங்க அத்தனை பேர்கிட்டயும். ஒரே மாதிரி."

அவர் சொன்னது சரி. அனுமதிக் கடிதம் எழுதி, அது கமிட்டிக்குப் போய், கையெழுத்தாகித் திரும்பி வர ஆடி முழுக்க முடிந்துவிட்டது. அந்த நாட்களில் என் மனதில் ஓடியது ஆய்வு அல்ல. தேதியை முன்னால் தள்ளி, விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். குழந்தை சித்திரை பதிமூன்றில் பிறந்தது. நிறைமாதம் என்றால் கரு ஆடிப் பதினெட்டு வாக்கில். மருந்தடிப்பு ஆவணியில். உதடு கூடுவது கரு தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள். அவள் மருந்துத் தண்ணீர் சுமந்தபோது குழந்தை வயிற்றில் இருந்தது. அதுவும் உதடு உருவாகிக்கொண்டிருந்த நாட்களுக்குப் பக்கத்தில்.

அதனால்தான் ஆயிற்று என்பதற்கு இதில் எதுவும் இல்லை. அதனால் ஆகவில்லை என்று சொன்னதற்கு இருந்த ஒரே பிடிமானம் போய்விட்டது.

ஆவணி முதல் தேதி கிளியூரில் இறங்கினேன். தூறல் விட்டு விட்டு வந்தது. லைன் வீட்டுக்கு எதிரே, ஸ்பிரேயர் டேங்குகளை நாலைந்து ஆண்கள் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மழை விட்டால் அடுத்த நாள் மருந்தடிப்பு தொடக்கம் என்று பேசிக்கொண்டார்கள். நீலப் பீப்பாய்கள் இரண்டு வீட்டு வாசல் வரைக்கும் உருண்டு வந்திருந்தன.

குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தது. அண்ணத்துக்கும் ஆபரேஷன் முடிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மூக்கில் பேசி ஏதோ சொன்னது. "அத்தைக்கு வணக்கம் சொல்றா" என்றாள் அவள். மாமியார் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு. மறுபடியும் பதினாறு பக்கமா?" என்றார் மாமியார்.

"இல்லீங்கம்மா. ரெண்டே கேள்வி."

இரண்டு கேள்வி கேட்பதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. பஸ்ஸில் மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன். மூன்றும் மறந்துபோயிற்று. "போன தடவ நான் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். மருந்துத் தண்ணி தூக்குனதுனால ஆகலன்னு. அப்படி நான் சொல்லியிருக்கக் கூடாது. எனக்குத் தெரியாது. அதனாலயும் இருக்கலாம், அதனால இல்லாமயும் இருக்கலாம்" என்றேன்.

அவள் குழந்தையின் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே, "எனக்குத் தெரியுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க எந்தத் தேதிய வெச்சு இல்லைன்னீங்களோ, அந்தத் தேதி பொய்னு."

மாமியார் குடத்தைக் கீழே வைத்தார். "ஏம்புள்ள, உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருக்கா?"

"இருங்கத்தை." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஆடிப் பதினெட்டு வரைக்கும் எங்கம்மா ஊட்டுலதாங்க இருந்தேன், அடிவாரத்துல. மருந்தடிக்க ஆளு பத்தலைன்னு இவுங்கதான் மவன அனுப்பிக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. எங்கம்மா மாசம் முடியட்டும்னாங்க. கேக்கல. வந்தேன். ஆவணி பொறந்ததும் மூணு வாரம் தண்ணி தூக்குனேன். அப்பறம் நாள் தள்ளிப் போனது தெரிஞ்சதும், ஆவணி இருபதுன்னு சொல்லுன்னு இவுங்கதான் சொன்னாங்க. நானும் சொன்னேன்."

"ஊரு என்ன பேசும்? ஆடி முடியறதுக்குள்ள மருமவள இழுத்துட்டு வந்துட்டான்னு பேசாதா?" என்றார் மாமியார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

நான் அவளிடம் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே: "தேதி பொய்னு தெரிஞ்சுமா எங்கிட்ட அந்தக் கேள்விய கேட்டீங்க?"

"இவுங்க கெரகணம் கெரகணம்னு எம்மேலயே போடுவாங்க. ஒருத்தராச்சும் உம்மேல தப்பு இல்லைன்னு சொல்லட்டும்னு இருந்துச்சு. நீங்க சொன்னீங்க. பொய்த் தேதிக்குத்தான் சொல்றீங்கன்னு தெரியும். இருந்தாலும் காதுல கேக்க நல்லா இருந்துச்சு." பட்டன் போட்டு முடிந்துவிட்டது. "இப்ப அதையும் வாங்கிட்டுப் போக வந்திருக்கீங்க."

தப்பு உங்கள்மேல் இல்லை என்று சொல்ல எந்தத் தேதியும் வேண்டாமே. அதை நான் தையிலேயே சொல்லியிருக்கலாம். ஏவிய இடத்துக்கு வேலைக்குப் போனவள்மேல் என்ன தப்பு? அதைத்தான் அப்போது சொன்னேன். தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியாது. நான் ஏற்கெனவே ஒரு தடவை நம்பிக்கையாகச் சொன்னவள்தானே.

படிவத்தை எடுத்து அந்த இரண்டு கேள்வியையும் கேட்டேன்: கடைசியாகக் குளித்தது எப்போது, அம்மா வீட்டிலிருந்து திரும்பியது எப்போது. பழைய தேதியைக் கோடு போட்டு அடித்து, ஓரத்தில் ஆனி மாதக் கடைசி, தேதி ஞாபகமில்லை, ஆடிப் பதினெட்டில் கணவர் வீடு திரும்பினார் என்று எழுதினேன். மாமியார் அந்தப் பக்கம் திரும்பி மறுபடி குடங்களை அடுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது குடம் சின்னது. இடுப்பில் வைக்க வாகாக வாய் குறுகியது. நாளைக்கு மருமகள் மருந்துத் தண்ணீர் தூக்க எடுத்து வைத்தது அது என்று தெரிந்தது.

கிளம்பியபோது அவள் என்னோடு குழாயடி வரை வந்தாள். அங்கே நின்றாள்.

"உங்க பேப்பர்ல எழுதக் கூடாது. சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க."

"எனக்கு எட்டு நாள் தள்ளிப் போயிருக்கு. கடைசியாக் குளிச்சது ஆனி இருபத்தெட்டு. இது நெசம். ஊட்ல யாருக்கும் தெரியாது."

எதிரே அந்த நீலப் பீப்பாய்கள். நாளைக்கு மருந்தடிப்பு. ஆய்வில் நான் கேட்டு அலைந்த அந்த முதல் வாரங்கள், எல்லாரும் மறைத்து, மறந்து, மாற்றிச் சொன்ன அந்த வாரங்கள், இதோ என் முன்னால் நின்றுகொண்டிருக்கின்றன. முதல் முறையாக ஒருத்தி சரியான தேதியைச் சரியான நேரத்தில் சொல்கிறாள். பதினாறு பக்கத்தில் அதை எழுத இடமில்லை. எங்கள் ஆய்வு குழந்தை பிறந்த பிறகுதான் வீட்டுக்கு வரும்.

"நாளைக்கு நீங்க மருந்துப் பக்கம் போகக் கூடாது" என்றேன். "டேங்க் கழுவக் கூடாது, மருந்துத் துணி தொவைக்கக் கூடாது. எதுவும்."

"மருந்துனாலன்னு உங்களுக்குத் தெரியாதுன்னீங்க?"

"தெரியாது. தெரியாததனாலதான் போக வேண்டாங்கறேன். அதோட, ஃபோலிக் ஆசிட் மாத்திர, நர்ஸ்கிட்ட இன்னிக்கே வாங்கணும். அது நல்லதுன்னு தெரியும். அது ஒண்ணு நிச்சயமாத் தெரியும்."

அவள் சிரித்தாள். சிரிப்பில் கொஞ்சம் கிண்டல் இருந்தது. "போகலன்னா என்ன காரணம் சொல்றது? ஒடம்பு சரியில்லைன்னா, நேத்துக் கல்லு மாதிரி இருந்தியேம்பாங்க. நெசத்தச் சொன்னா, மூணு மாசம் ஆகறதுக்குள்ள வாயத் தொறந்தா தங்காதும்பாங்க."

நான் போய் மாமியாரிடம் சொல்லலாம். சொல்லக் கூடாது, அவள் என்னிடம் சொன்னது அவளுடையது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் பயிற்சியில் சொன்ன விதிதான்; இந்த முறை விதியை மீறுவதாக இல்லை. இரண்டு பேரும் குழாயடியில் நின்றோம். குழாயில் தண்ணீர் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. அவள் குழாயைத் திருகி மூடினாள். பிறகு விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

"அத்தை" என்றாள் வாசலில் நின்று. "எனக்கு எட்டு நாள் தள்ளிப் போயிருக்கு. நாளைக்கு நான் தண்ணி தூக்க வரல."

மாமியார் என்னைப் பார்த்தார், நான் சொல்லிக்கொடுத்தது என்பது போல. பிறகு அவளைப் பார்த்தார். அப்புறம் குழந்தையை. குழந்தை அந்தச் சின்னக் குடத்துக்குள் ஒரு ஸ்பூனைப் போட்டு ஆட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மூணு மாசம் ஆகாம இதச் சொல்றதாக்கும்?" என்றார். "அதுவும் வெளியாளு முன்னாடி."

அவள் படியேறி உள்ளே வந்தாள்.

"எப்ப குளிச்ச?"

"ஆனி இருபத்தெட்டு."

மாமியார் கட்டை விரலை மற்ற விரல்களின் கணுவில் வைத்து எண்ணத் தொடங்கினார். ஆடி, ஆவணி, புரட்டாசி. உதடு அசைந்தது. பங்குனிக்கு அப்புறம் விரல் நின்றது. நான் ஏற்கெனவே எண்ணியிருந்தேன். எங்கே நிற்கும் என்று எனக்கும் தெரியும்.

"சித்திரை வருதேடி" என்றார்.

வெளியே யாரோ ஒரு டேங்கை உதறிக் கவிழ்த்தார்கள். மாமியார் குனிந்து, குழந்தையின் கையிலிருந்து ஸ்பூனை வாங்கி அவளிடம் கொடுத்தார். சின்னக் குடத்தை எடுத்து மூலையில் குப்புறக் கவிழ்த்தார். பெரிய குடம் ஒன்றை இடுப்பில் வைத்து, கனம் பார்ப்பது போல ஒரு தடவை ஏற்றி இறக்கினார்.

"வந்தா வரட்டும்" என்றார். "நாளைக்கு நான் தூக்கறேன். நீ ஊட்டுல கெட." பிறகு என்னிடம், "கண்ணு, நீ எழுதிக்கிட்டயா? ஆனின்னே எழுது. மாத்தி எழுதிறாத" என்றார்.

எழுத இடமில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. என் காலண்டரை விரித்து, ஆனி இருபத்தெட்டில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். பிறகு நர்ஸுக்கு போன் போட்டேன். மூன்று தடவையும் லைன் கிடைக்கவில்லை. பஸ் பிடித்து அவரை நேரில் பார்க்கக் கிளம்பினேன்.